'ஆட்கள் தேவை' நோட்டீஸ் ஒட்டிய ஓட்டல் நிர்வாகத்துக்கு



செட்டிநாட்டு வீட்டை ஓட்டலாக மாற்றி நடத்தும் தாங்கள் பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டிய நோட்டீஸை நின்று நிதானமாகப் படித்தேன். எழுதியவர் கைதேர்ந்த ஆள்தான். கேட்பதையெல்லாம் கேட்டுவிட்டு, கொடுப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"கைநிறையச் சம்பளம்." யார் கை என்று போடவில்லை. "வயது 22-க்குள், 5 வருட அனுபவம் அவசியம்." அப்படியானால் பிளஸ் டூ பரீட்சைக்கு நடுவிலேயே பிள்ளை டிரே தூக்கியிருக்க வேண்டும். "குடும்பம் போல் பழகுபவர்." தீபாவளிக்கு லீவு கிடையாது என்பதை இவ்வளவு நாசூக்காக யாரும் சொன்னதில்லை.

"பல்துறைப் பணி" என்றால் என்னவென்று நேரில் வந்து பார்த்த எங்கள் எதிர்வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரிந்தது. காலையில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் துடைக்க வேண்டும். பகலில் வெள்ளைக்காரர்களுக்குப் பர்மாத் தேக்குத் தூணின் கதையை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ராத்திரி கேட்டில் காவல். சம்பளம் கேட்டதற்கு, "முதல்ல சேருங்க தம்பி, அப்புறம் பேசிக்கலாம்" என்றாராம் தங்கள் மேனேஜர். தம்பி இப்போது திருப்பூரில் இருக்கிறான்.

தாங்கள் விருந்தாளிகளுக்குக் காட்டிப் பெருமைப்படும் இந்த வீடுகளைக் கட்டியவர்கள் எப்படி ஆள் எடுத்தார்கள் தெரியுமா? நூறு வருஷத்துக்கு முன்பு பர்மா, மலேயாவில் இருந்த தம் வட்டிக் கடைகளுக்கு மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள் அனுப்பினார்கள். போகிறவருக்குச் சம்பளச் சீட்டு எழுதினார்கள். எந்த ஊர்க் கடை, எத்தனை காலம், மொத்தம் எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் சீட்டிலேயே இருக்கும். வழக்கமாக மூன்று வருஷக் கணக்கு. கப்பல் ஏறுமுன்பே சம்பளத்தில் ஒரு பங்கு முன்பணமாகக் கைக்கு வந்துவிடும். அவர்கள் ஒன்றும் தர்மப்பிரபுக்கள் அல்ல, வட்டித் தொழில் செய்தவர்கள். மூன்று வருஷம் பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்க முடியாத வேலைதான். ஆனால் போனவர் அது தெரிந்தே போனார்.

நியூயார்க் நகரத்தில் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போடவேண்டும் என்று 2022 நவம்பரிலிருந்து சட்டம் இருக்கிறது. அங்கே சட்டம் போட்டுச் செய்ய வைப்பதை இங்கே சம்பளச் சீட்டு எழுதியவர்கள் சும்மாவே செய்திருக்கிறார்கள்.

"தகுந்த ஆள் கிடைக்கவில்லை" என்று தாங்கள் அலுத்துக்கொள்வதாகக் கேள்வி. எப்படிக் கிடைப்பார்? வெள்ளைப் பணியாரத்தை ஓரம் சிவக்காமல் எடுக்கத் தெரிந்த சமையல்காரருக்குக் கல்யாண வீடுகளில் வேலை காத்துக் கிடக்கிறது. சம்பளம் தெரியாத இடத்தைப் பார்க்க அவர் ஒருநாள் கூலியை விடமாட்டார். எந்த வேலையானாலும் சரி என்பவர்தான் வருவார். அவரையும் "அனுபவம் போதாது" என்று திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள்.

அடுத்த நோட்டீஸுக்கு ஒரு மாதிரி எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்:

"சமையல்காரர் ஒருவர் தேவை. செட்டிநாட்டுப் பலகாரம், அசைவம் தெரிந்திருக்க வேண்டும். வயது, படிப்பு கேட்கமாட்டோம். காலை 6 முதல் பகல் 2 வரை. வாரம் ஒருநாள் லீவு. தரை துடைக்க வேறு ஆள் இருக்கிறார். மாதச் சம்பளம் ரூ. ........"

புள்ளி வைத்த இடத்தைத் தாங்கள்தான் நிரப்ப வேண்டும். கை நடுங்கினால் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
22 வயதைத் தாண்டிவிட்டதால் தகுதியிழந்த கொத்தமங்கலத்துக்காரன்