கிர்ர்ர்ர்

அவரிடம் மலைச் சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள். இருக்கிறது, எக்செல் ஷீட்டில் இருக்கிறது. பாகத்தின் பெயருக்கு ஒரு கட்டம், கிராமில் எடைக்கு ஒரு கட்டம், டாலரில் விலைக்கு ஒரு கட்டம். ரூபாய்க்கும் ஒரு கட்டம் இருந்தது; வீட்டில் யாரோ ஒருநாள் தோளுக்குப் பின்னால் வந்து நின்ற பிறகு அதை மறைத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் அடியில், தடித்த எழுத்தில், மொத்த எடை: 13.4 கிலோ. போன மாதம் 13.7 ஆக இருந்தது. 300 கிராம் குறைத்துவிட்ட பெருமிதம் முகத்தில் வழிகிறது. இல்லாத வண்டியில்தானே குறைத்தீர்கள் என்று சொல்ல வாய் வரும்; சொல்லக் கூடாது. எப்படிக் குறைத்தேன் என்று தொடங்கிவிடுவார்.

வயது நாற்பதைச் சுற்றி. ஐ.டி. வேலை. வீடு மடிப்பாக்கம், போரூர், பெருங்குடி என்று சென்னையின் எந்தச் சமதரையிலும் இருக்கலாம். கைக்கெட்டும் மலை பரங்கிமலை; உயரம் சுமார் 300 அடி, உச்சி வரை கார் போகும். இதற்காக அவர் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் முன் ஃபோர்க் 160 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியது. ஆல்ப்ஸ் மலைச்சரிவில் பாறைக்குப் பாறை குதித்து இறங்குகிறவர்கள் போடும் சரக்கு. சென்னைக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டால், பதில் பேசாமல் பால்கனிக்கு அழைத்துப் போய்த் தெருவைக் காட்டுவார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு யாரும் வாதாட முடியாது.

ஃபோர்க், பிரேக், டயர் எல்லாம் அவருக்குப் பேச்சுதான். உயிர் இருப்பது பின்சக்கர ஹப்பில்.

சைக்கிளை மிதித்துக்கொண்டே போய் சட்டென்று மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்தின் நடுவிலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், நம் அப்பாக்களின் ஹெர்குலிஸிலும் வந்தது. உள்ளே சின்னச் சின்ன நாக்குகள் பற்களின்மேல் ஏறி இறங்கும் சத்தம். நமக்கு அது சத்தம். அவருக்கு அது சாதகம் பண்ண வேண்டிய சங்கீதம்.

போனில் ஒரு ஃபோல்டர் முழுக்க ஹப் சத்தம் சேர்த்து வைத்திருக்கிறார். "பாஸ், ஒரு நிமிஷம், கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க" என்று காதருகே போனைக் கொண்டு வருவார். லிஃப்டில் வைப்பார். கல்யாணப் பந்தியில் இலை போட்டுச் சோறு வருவதற்குள் இரண்டு வைப்பார். ஒரு துக்க வீட்டிலும் வைத்தார். ஷாமியானாவுக்கு வெளியே வந்து, வால்யூமைக் குறைத்து. மரியாதை தெரிந்தவர்.

போனில் சார்ஜ் இல்லாவிட்டால் வாயாலேயே செய்து காட்டுவார். ஹோப் ஹப் என்றால் "ட்டர்ர்ர்ர்". கிறிஸ் கிங் என்றால் மூக்கை லேசாகச் சுளித்து "ஞ்ஞ்ஞ்ங்ங்". இண்டஸ்ட்ரி நைன் என்றால் பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, "ஸ்ஸ்ர்ர்ர்ர்". மூன்றுக்கும் வலது கை காற்றில் ஒரு சுற்று மிதித்துவிட்டு நிற்கும். நின்ற இடத்திலிருந்துதான் சத்தம் தொடங்கும். அலுவலக மீட்டிங் ஒன்றில் பக்கத்தில் இருந்தவருக்கு மெதுவாகச் செய்து காட்டியபோது மேஜையைச் சுற்றி எல்லோரும் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள்.

"வெறும் சத்தம்னு நெனைக்காதீங்க பாஸ், இது டிகிரி கணக்கு" என்பார் அடுத்து. அந்தக் கணக்கிலிருந்து தப்பியவர் எனக்குத் தெரிந்து எவரும் இல்லை என்பதால் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நிறுத்திவிட்டு மறுபடி மிதிக்கும்போது பெடல் கொஞ்ச தூரம் சும்மா சுற்றி, அப்புறம்தான் சக்கரத்தைப் பிடிக்கும். ஹப்புக்குள் 36 பல் என்றால் அந்தச் சும்மா தூரம், ஹப் கணக்கில், 10 டிகிரி வரை. கிறிஸ் கிங்கில் 72 இடத்தில் பிடிப்பதால் 5 டிகிரி. இண்டஸ்ட்ரி நைனின் ஹைட்ரா 690 இடத்தில் பிடிக்கும். அரை டிகிரிதான், துல்லியமாகச் சொன்னால் 0.52. கல்லும் வேருமான ஏற்றத்தில் முழுச் சுற்று மிதிக்க இடமிருக்காது. அரைச் சுற்று மிதித்து, பெடலைப் பின்னுக்கு எடுத்து, மறுபடி அரைச் சுற்று மிதித்துத்தான் ஏற வேண்டும். அங்கே இந்த டிகிரிகளுக்கு நிஜமாகவே மதிப்பு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்து டிகிரி வீணாகிறதே என்று இவ்வளவு தவிக்கிறவர், முதல் மிதியையே இன்னும் மிதிக்கவில்லை.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். இந்தச் சத்தம் மிதிக்கும்போது வராது. மிதிக்காதபோது மட்டும்தான் வரும். உலகத்தில் யாருக்காவது இந்தப் பாகம் அச்சாகப் பொருந்தும் என்றால் அவருக்குத்தான். இதைக் கேட்டு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதான் பாஸ், கரெக்டா பிடிச்சுட்டீங்க" என்று கையைக் குலுக்கினார். முதல் சவாரிக்குக் கொல்லிமலை என்று முடிவாகியிருக்கிறதாம். 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு வண்டியை டெம்போவில் போட்டுவிடலாம். இறங்கும்போது 70 வளைவுக்கும் மிதிக்க வேண்டியதில்லை, ஹப் பாடிக்கொண்டே வருமாம்.

இடையில் அவர் மதம் மாறிய காலமும் உண்டு. ஆனிக்ஸ் என்று ஓர் அமெரிக்க ஹப். நாக்கும் கிடையாது, பல்லும் கிடையாது, வேறு வகை கிளட்ச்; துளிச் சத்தம் வராது. "நிசப்தம்தான் பாஸ் உச்சம்" என்றார். அன்று இரவு பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் ஓர் ஆடியோ வந்தது. போட்டுக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில் அடுத்த செய்தி: "கேட்டீங்களா?" ஷிமானோகூட 2018-இல் இப்படிச் சத்தமில்லாத ஹப் ஒன்றை அறிவித்து, பிறகு அதைக் கைவிட்டது. நம்மவர் அதைவிடச் சீக்கிரம் கைவிட்டார். பின் ஹப் ஒன்றுக்கே 400, 500 டாலர் கொடுத்துவிட்டுச் சத்தம் வரவில்லை என்றால், கொடுத்தது யாருக்குத் தெரியும்?

எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைப் பெரியவரிடமும் போனை நீட்டினார். ஹைட்ரா, வால்யூம் முழுசு. பெரியவர் பஞ்சர் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, அக்கறையோடு கடைசி வரை கேட்டார். "உள்ள கிரீஸ் சுத்தமா இல்ல சார். வண்டியக் கொண்டாங்க, போட்டுத் தர்றேன். அம்பது ரூபா குடுங்க, போதும்." தொழில் தெரிந்தவர் சொன்னது பொய்யில்லை. கெட்டி கிரீஸைக் கூடவே அடைத்தால் அந்த 500 டாலர் சத்தம் அடங்கித்தான் போகும்.

ஹப்பை மாற்றினால் ஹப்போடு முடியுமா? அவர் ஷீட்டில் முடியாது. இந்த ஹப்புக்கு எக்ஸ்.டி. என்ற உருளை போட்டால் ஸ்ராம் கேசட் உட்காரும்; ஷிமானோவின் 12 பல்சக்கரம் வேண்டுமென்றால் மைக்ரோ ஸ்ப்ளைன் வேண்டும். ஸ்ராம் என்று முடிவு செய்து அதன் புது டிரான்ஸ்மிஷனுக்குப் போனால், அதை மாட்ட யு.டி.எச். பொருந்தும் ஃப்ரேம் வேண்டும். ஃப்ரேம் மாறினால் சீட் போஸ்ட் விட்டம் 31.6-லிருந்து 34.9 ஆகும். ஹப்பில் 28 ஓட்டை என்றால் ரிம்மிலும் 28. 32 கம்பிக்கு வாங்க நினைத்த ரிம் போச்சு. அப்புறம் நிறம். ஹப் மயில்நீலம் என்றால் ஹெட்செட்டும் மயில்நீலம். ஒரு சாயங்காலம் டீக்கடையில் நான் "மயில்நீலம் சுமார்தான்" என்று சொன்ன ஒரு சொல்லுக்கு, மறுநாள் காலைக்குள் ஃப்ரேமே வேறாகிவிட்டது.

இதில் அவரை மட்டும் குறை சொன்னால் பாவம். அவர் தொடங்கியபோது சக்கரம் 27.5 அங்குலம் என்றார்கள். முடிவு செய்வதற்குள் 29 என்றார்கள். அதற்கும் தயாரானபோது முன்னால் 29, பின்னால் 27.5 என்றார்கள். பின் அச்சு 142 மில்லிமீட்டராக இருந்தது 148 ஆனது, 157-உம் வந்தது. செய்கிறவர்களுக்கே ஓரிடத்தில் நிற்க மனசில்லாதபோது வாங்குகிறவர் எங்கே நிற்பார்?

அமெரிக்காவிலிருந்து யார் வந்தாலும் அவருடைய ஏதோ ஒரு சாமான் பெட்டிக்குள் வரும். அத்தை பெண் பாதாமுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள மேக்சிஸ் டயரைச் சுருட்டிக் கொண்டுவந்தாள். அதைச் சமையலறைத் தராசில் நிறுத்து, கம்பெனி சொன்னதைவிட 40 கிராம் கூடுதல் என்று கண்டு, அவளிடமே முகம் வாடினார். அந்த டயர் இப்போது பீரோமேல் இருக்கிறது. வாங்கியது 29, ஷீட் அப்போது 27.5-இல் இருந்தது.

ஆனாலும் அவருடைய ஒரு கதை எனக்குப் பிடிக்கும். 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், முப்பது நாற்பது வருடப் பழைய ஷ்வின் சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக் கொண்டுபோய், மண் பாதையில் தலைதெறிக்க இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பிரேக் பின் ஹப்புக்குள் இருக்கும் வகை. ஒரு தடவை இறங்கினால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெந்து புகைந்துவிடும். திரும்ப அடைத்தால்தான் அடுத்த தடவை. அந்தப் பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயர் வந்தது அதனால்தான். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டம். மறுவருஷம் ஜோ பிரீஸ் மலைக்கென்றே ஒரு ஃப்ரேம் கட்டினார். இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். அந்த ஆட்கள் குப்பையில் கிடந்த வண்டியோடு முதலில் மலைக்குப் போனார்கள், பாகமெல்லாம் அப்புறம்தான் வந்தது என்பதை மட்டும் எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவார்.

எங்கள் குடியிருப்பில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் சைக்கிளில் செயின் கழன்றுகொண்டே இருந்தது. மலிவு வண்டி. இவர் பார்க்கிங்கில் தரையில் உட்கார்ந்துவிட்டார். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார், பின்சக்கரத்துக்குப் பெண்டு எடுத்தார், ஃப்ரீவீலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். இருட்டிவிட்டது. கையெல்லாம் கறுப்பு. பையன் ஏறி ஒரு சுற்று விட்டு மிதிப்பதை நிறுத்தியபோது டிக் டிக் டிக் என்று வந்தது. "கேட்டீங்களா பாஸ்?" என்றார். டாலர் பேச்சே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

அதனால்தான் எரிச்சல் வருகிறது. அவரிடம் ஒரு நல்ல வண்டி இருந்தது. அலுமினிய ஃப்ரேம், டியோர் கியர், 120 மில்லிமீட்டர் ஃபோர்க். குறை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களோடு வண்டலூர் தாண்டி ஏரிக்கரை மண் பாதையெல்லாம் வருவார். மேட்டில் எங்களை முந்துவார். கனவு வண்டிக்கு முதல் போட அதைப் பிரித்து விற்றார்: ஃபோர்க் ஒருவருக்கு, சக்கரம் ஒருவருக்கு. அவர் மகன் ஃப்ரேமையாவது கொடு என்று கேட்டான். அது ஏற்கெனவே போய்விட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவதில்லை. நாங்கள் முடித்து டீ குடிக்கும் நேரத்துக்குக் காரில் வந்து, லேப்டாப்பைத் திறக்கிறார். மூச்சிரைக்க வேர்த்து உட்கார்ந்திருக்கும் நாலு பேர், வண்டியே இல்லாத ஒருவரிடம் எங்கள் ஹப்பெல்லாம் ஏன் மட்டம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதில் சிரிக்க எதுவுமில்லை. அவருக்கு நல்ல கால் இருந்தது. வீணாகப் போகிறது.

நான் யாரையும் குறிப்பிட்டு எழுதவில்லை. இது ஒரு வகை மனிதர், எல்லா ஊரிலும் இருப்பார். உங்கள் ஊரில் இருப்பவருக்கு என் வேண்டுகோள்: பழைய சைக்கிள் ஒன்று, எந்த ஹப்பாக இருந்தாலும் சரி, வாங்கிக்கொண்டு ஞாயிறு காலை ஐந்தரைக்கு வாருங்கள். எங்கள் ஊர்க்காரருக்குக் கூடுதலாக இன்னொன்று. திருகுவதற்கு ஒரு போல்ட்கூட இல்லாத நிலையில், கிளிக் சத்தம் நன்றாக இருக்கிறது என்று என் டார்க் ரெஞ்சை வாங்கிக்கொண்டு போனீர்கள். கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.