பொங்கல் ஓட்டமும் குடும்ப வேகமும்: கரிசல் காட்டுத் தார்ரோட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

மாட்டுப் பொங்கலன்று காலை ஆறு மணிக்கு ரேடியோ செட்காரர் பிள்ளையார் கோயில் வேம்பில் குழாயைக் கட்டி இறங்கியதும் விழாக் குழு அறிவிக்கிறது: "பொதுமக்கள் குடும்பத்துடன் கலந்துகொள்ளும் மாபெரும் மினி மாரத்தான்." மாபெரும், மினி இரண்டும் ஒரே ஓட்டத்தைத்தான் குறிக்கின்றன; முரண் ஏதும் இல்லை என்பது பின்னால் விளங்கும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் ஊர் ஒன்றின் பாதை இது. கோயிலில் புறப்பட்டு, கண்மாய்க் கரையோரமாகப் போய், மெயின் ரோட்டு விலக்கைத் தொட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். தனியாக ஓடும் பள்ளிக்கூடத்துப் பையன் இருபது நிமிடத்தில் வந்துவிடுகிறான். அதே பையனை அப்பா, அம்மா, அத்தை, மாமா, திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் சித்தப்பா குடும்பம் ஆகியோருடன் சேர்த்து ஓடவிட்டால் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து நிமிடம் எங்கே போனது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல். உடற்பயிற்சி நூல்கள் இதயத்தை அளக்கின்றன, நுரையீரலை அளக்கின்றன, அத்தையை அளப்பதில்லை.

வறண்ட நிலமும் ஓட்டமும் குடும்பமும் சேர்ந்த பொருள் தமிழுக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களின் பாலைத் திணையில் உடன்போக்கு என்றொரு துறையே உண்டு. தலைவனும் தலைவியும் வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள். செவிலித்தாய் பின்னாலேயே தேடிக்கொண்டு போவாள். சுரத்தைக் கடக்க அந்த இருவருக்கும் எத்தனை நாழிகை பிடித்தது என்று கணக்கு வைக்கப் புலவர்கள் மெனக்கெடவில்லை. செவிலி எதிரே வந்தவர்களை நிறுத்தி விசாரித்ததைத்தான் அக்கறையாகச் சொல்கிறார்கள். வறண்ட நிலத்து ஓட்டத்தில் நேரத்தைத் தின்பது வெயிலோ தூரமோ அல்ல, விசாரிப்பே என்ற கருதுகோளுக்கு இதைவிடப் பழைய ஆதாரம் வேண்டியதில்லை.

புதிய ஆதாரம் வேண்டுவோர் 1896ஆம் ஆண்டுக்கு வரவேண்டும். அந்த ஏப்ரலில் ஏதென்சில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தது. மாரத்தானில் ஸ்பிரிடான் லூயிஸ் என்ற கிரேக்கர் வென்றார். நவம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஒய்.எம்.சி.ஏ., நன்றி அறிவித்தல் நாள் விடுமுறைக்கு எட்டு கிலோமீட்டர் சாலை ஓட்டம் ஒன்றை வைத்தது. ஓடியவர்கள் ஆறே பேர். பாஸ்டன் மாரத்தானுக்குச் சில மாதம் மூத்த அந்த ஓட்டம் இன்றும் நடக்கிறது. இப்போது ஆயிரக்கணக்கில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஏதென்சுக்கும் பஃபலோவுக்கும் நடுவில், ஆகஸ்ட் கடைசியில், திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் மதுரை வீட்டைவிட்டுக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். தன்னைத் தேடிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது கடிதத்தின் சாரம். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது அவரைத்தான்.

குடும்பத்தைப் பின்னே விட்டுவிட்டுத் தனியாளாக இலக்கைத் தொட்ட திருச்சுழிக்காரர் என்று இவரைக் குறித்துவைக்க ஆய்வாளனுக்குக் கை துறுதுறுக்கும். பொறுக்க வேண்டும். 1898இல் சித்தப்பா தேடிக் கண்டுபிடித்து வந்தார். அதே ஆண்டு தாயார் அழகம்மாள் வந்து வீட்டுக்குக் கூப்பிட்டார், மகன் அசையவில்லை. 1916இல் தாயாரே மகனோடு இருந்துவிட வந்துவிட்டார். தம்பியும் வந்து, காவி கட்டி, பிற்பாடு ஆசிரம நிர்வாகத்தையே ஏற்றார். இருபது ஆண்டு தாமதமானாலும் குடும்பம் வந்து சேர்ந்துவிட்டது. இதிலிருந்து பெறப்படும் முதல் விதி: இந்த வட்டாரத்தில் பிறந்தவர் குடும்பத்துக்கு முன்னால் ஓடலாம், குடும்பம் இல்லாமல் ஓட முடியாது. துறவிக்கே இதுதான் நிலைமை என்றால், எவர்சில்வர் குடத்துக்காக ஓடுகிறவனைப் பற்றிக் கேட்பானேன்.

இனி நிலம். இங்கே ஓட்டம் ரோட்டில்தான் நடக்கும், வேறு வழியில்லை. கரிசலில் ஈரம் இருந்தால் மண் காலை விடாது. காய்ந்தால் வெடிப்பு காலை வாங்கும். காட்டு வழி என்றால் சீமைக் கருவேலம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொல்லியும் அது பாட்டுக்கு நிற்கிறது, அதன் முள்ளுக்கு ஷூ என்றும் செருப்பு என்றும் பேதமில்லை. ஆக மிஞ்சுவது தார்ரோடு. ஆனால் தை மாதத்தில் தார்ரோடு காலியாக இருப்பதில்லை, களமாக இருக்கும். குதிரைவாலிக் கதிரையும் உளுந்துச் செடியையும் பரப்பிவிட்டு, பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துத் தரக் காத்திருப்பார்கள். ஓடுகிறவர்கள் ஓரமாகப் போவதா, மேலேயே போவதா? காட்டுக்காரர் மேலே ஓடச் சொல்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது: முப்பது குடும்பம் போக ஒருமுறை, வர ஒருமுறை மிதித்தால் பாதிக் கதிரடிப்பு வேலை முடிந்தது. தவசம் தெறித்து ரோட்டோரப் பள்ளத்தில் போனால் அள்ளித் தருவது யார் என்பதில்தான் தகராறு வருகிறது. அதில் ஆறு நிமிடம்.

பெரும்பகுதி நேரம் திண்ணைகளில் போகிறது. கோயிலிலிருந்து நாலாவது வீட்டு மதினி, "எங்கிட்டு ஓடுறீக?" என்கிறார். கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாண்டுவது மரியாதையல்ல. ஓடிக்கொண்டே சொல்வது அதைவிட மோசம். அதற்கடுத்த திண்ணையில் அப்பத்தா: "ஏத்தா, பச்சப்பிள்ளைய இப்படி மூச்சிரைக்க விடுற? ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க." இதற்கு எல்லாக் குடும்பங்களும் சொல்லும் விடை ஒன்றே: "வாரப்ப குடிக்கிறோம் அப்பத்தா." பாதை ஒன்றுதான், தூரம் ஒன்றுதான், ஆனாலும் போகப் பிடித்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு வரப் பிடிக்கிறது என்ற புதிருக்கு விடை இந்த வாக்கியத்தில் இருக்கிறது. போகும்போது கொடுத்த வாக்கெல்லாம் வரும்போது காப்பியாக நிற்கிறது. சில வீடுகளில் முறுக்கோடு. கரும்பை ஒடித்துக் கையில் கொடுத்துவிட்டால் அதைக் கடித்துக்கொண்டு ஓடவும் முடியாது, தூரப் போடவும் முடியாது.

இதற்கு ஒரே விதிவிலக்கு, பேச்சுவார்த்தை இல்லாத வீடு. பொழி தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளி வாசலைக் கடக்கும் நூறு மீட்டரில் மொத்தக் குடும்பமும், அத்தை உட்பட, தலையை நிமிர்த்திக்கொண்டு பறக்கிறது. சர்க்கரையும் முழங்கால் வலியும் உள்ள மாமாகூடச் சளைப்பதில்லை. அந்த நூறு மீட்டரை மட்டும் வெட்டியெடுத்து அளந்தால் மாவட்டத் தேர்வுக்கே அனுப்பலாம். ஊரில் சண்டைகள் கூடினால் ஓட்ட நேரம் குறையும் என்று இதிலிருந்து ஒரு பரிந்துரை செய்ய இயலும். விழாக் குழு அதை ஏற்கவில்லை.

மாட்டுக்கு உள்ள தெளிவு மனிதர்களுக்கு இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நின்று, 2017இல் மாநிலச் சட்டத் திருத்தத்தால் மீண்டு, 2023இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பாருங்கள். பெரிய மாடு, நடுமாடு, பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு என்று தரம் பிரித்து, போக வர இத்தனை மைல் என்று நோட்டீசிலேயே அடித்துவிடுகிறார்கள். சாரதிக்கு ஒரு துணைச் சாரதியும் உண்டு. குடும்ப ஓட்டத்தில் தட்டான்சிட்டும் பெரிய மாடும் ஒரே நுகத்தில். பத்து வயதுப் பிள்ளை முன்னே இழுக்கிறது. மாமா விலக்கு டீக்கடையில் பெஞ்சைப் பார்த்துவிடுகிறார். கடைசி ஆள் கோட்டைத் தொட்டால்தான் குடும்பம் வந்ததாகக் கணக்கு. எனவே ஓட்டத்தின் முடிவு கோயில் வாசலில் அல்ல, டீக்கடை பெஞ்சில் தீர்மானமாகிறது. துணைச் சாரதி வேலை அத்தைக்கு. அவர் சொல்லும் சொற்கள் ஆய்வேட்டில் ஏறத்தக்கவை அல்ல.

பாதையைச் சுருக்கினால் தீர்ந்தது என்று சிலர் கருதக்கூடும். தூரத்தை முடிவு செய்வது விளையாட்டு விதி என்ற தவறான எண்ணத்தில் பிறப்பது அது. மாரத்தானுக்கு 42.195 கிலோமீட்டர் என்ற உடைந்த எண் எப்படி வந்தது? 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் புறப்பட்டு, மைதானத்தில் அரச குடும்பத்தார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். வந்த தூரம் 26 மைல் 385 கெஜம். 1921இல் அதையே உலகத்துக்கெல்லாம் அளவாக்கிவிட்டார்கள். பெரிய வீட்டு வாசலில் தொடங்கி, பெரிய மனிதர்கள் உட்கார்ந்த இடத்தில் முடித்தால் தூரம் இப்படித்தான் உடைந்து வரும்.

எனினும் ஆய்வின் முடிவுகளைத் தொகுத்து, திண்ணைகள் இல்லாத புதிய பாதை ஒன்றை வரைந்து விழாக் குழுவிடம் கொடுத்தேன். சாவடியில் கூட்டம் போட்டு, முறைப்படி பரிசீலித்தார்கள். பழைய பாதையில் தலைவருடைய சம்பந்தி வீடு விட்டுப்போயிருப்பது அப்போதுதான் தெரியவந்தது. அவர்கள் போன வருஷமே மனத்தாங்கலாக இருந்தார்களாம். பாதை மாற்றப்பட்டது. இப்போது அரைக் கிலோமீட்டர் கூடுதல். அவர்கள் வீட்டில் பணியாரம்.