தகுதி: நல்ல மனசு

ஒரு பள்ளிக்கூடம் கட்ட என்ன தெரிந்திருக்க வேண்டும்? லண்டனிலோ பாஸ்டனிலோ என்றால் அஸ்திவாரம், கலவை, ரசமட்டம், நகராட்சி அனுமதி என்று பட்டியல் நீளும். மலாவியிலோ தான்சானியாவிலோ என்றால் நல்ல மனசு போதும். பத்தொன்பது வயதும் கோடை விடுமுறையும் கொசுக் களிம்பும் கூடுதல் தகுதிகள்.

அப்படி வந்திறங்கும் வெளிநாட்டுத் தொண்டரின் நாள் விடியலிலேயே தொடங்குகிறது. அவருக்கும் முன்னால் எழுந்து, அடிகுழாயில் வரிசை நின்று, அவர் தங்கியிருக்கும் வீட்டுப் பெண் தலையில் சுமந்து வந்த தண்ணீரில் குளிக்கிறார். (எளிமையாக வாழ்வதே நோக்கம். யார் தலையில் என்று விளம்பரத்தில் போடுவதில்லை.) பிறகு செங்கல். கரண்டி பிடித்தறியாத ஆறு பேர் சேர்ந்து மாலைக்குள் ஒரு சுவர் எழுப்புகிறார்கள். சுவர் கள் குடித்தவன் மாதிரி நிற்கிறது. இரவோடு இரவாக உள்ளூர்க் கொத்தனார்கள் அதைப் பிரித்து நேராகக் கட்டிவிடுகிறார்கள், வந்த பிள்ளைகள் மனம் நோகக் கூடாதே என்று. தான்சானியாவில் நடந்த இந்தக் கூத்தை, போய்வந்த அமெரிக்க மாணவி ஒருவரே பிற்பாடு எழுதினார். அந்த விமான டிக்கெட் காசை அதே கொத்தனார்களுக்குக் கூலியாகக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? கொடுத்திருக்கலாம். படத்தில் யார் நிற்பது?

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். இங்கே வளர்வது இன்ஸ்டாகிராம் கணக்கு. மடியில் உட்கார்த்திய குழந்தையின் பெயர் தெரியாது. அதன் அம்மா பத்தடி தள்ளித்தான் நிற்கிறாள். அவள் இருந்தால் அநாதைக் களை போய்விடும்.

1961-ல், அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான பீஸ் கோர் தொடங்கிய அதே ஆண்டில், அதன் தொண்டராக நைஜீரியாவின் இபாடானுக்குப் போன ஒரு பெண், இங்கே மக்கள் தெருவிலேயே சமைக்கிறார்கள், தெருவிலேயே வாழ்கிறார்கள் என்கிற ரீதியில் ஓர் அஞ்சலட்டை எழுதித் தவறவிட்டார். அது மாணவர்கள் கையில் சிக்கியது. அவர்கள் கொதித்த கொதிப்பில் அவர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பாவம், அவசரப்பட்டுப் பிறந்துவிட்டார். இன்றைக்கு அதே வரிக்கு இதயக்குறியாகக் கொட்டும்.

சுவர் கோணினால் இடித்துக் கட்டலாம். உகாண்டாவின் ஜிஞ்ஜாவில் கோணியது வேறு. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து போன, மருத்துவம் படிக்காத இளம்பெண் ஒருவர், ஊட்டச்சத்து இல்லாமல் மெலிந்த குழந்தைகளுக்கென்று ஒரு மையம் நடத்தினார். டிரிப்ஸ் ஏற்றியதைத் தன் வலைப்பதிவில் தானே எழுதினார். 2010-க்கும் 2015-க்கும் இடையே அங்கே சேர்ந்த 940 குழந்தைகளில் 105 பேர் இறந்தார்கள். வரும்போதே ஆபத்தான நிலையில் இருந்த குழந்தைகள் என்றது அவர் தரப்பு. ஐயா, ஆபத்தான நிலையில் இருக்கும் குழந்தையைத்தானே படித்தவர் கையில் கொடுக்க வேண்டும்? 2015-ல் மாவட்ட அதிகாரிகள் மையத்தை மூடினார்கள். 2019-ல் இரண்டு தாய்மார் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு சமரசம்: தலா சுமார் 9,500 டாலர். தவறு என்று யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

அதே ஜிஞ்ஜாவில் முறையாகப் படித்துத் தேறிய நர்ஸ் ஒருவர் வர்ஜீனியாவில் ஒரு குழந்தைக்கு ஊசி போட நினைத்தால் போட்டுவிட முடியாது. சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள். நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுத வேண்டும். விசாவுக்குக் காத்திருக்க வேண்டும். ஆங்கிலம் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் ஆங்கிலத்திலேயே படித்தவர், தனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதற்கும் பணம் கட்டிப் பரீட்சை எழுத வேண்டும். நல்ல மனசு இருக்கிறதா என்று அந்த விண்ணப்பத்தில் எங்கேயும் கேட்பதில்லை.