கத்திரி வெயிலில் பனி அப்பா

பனி அப்பா என்பவர் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் காணப்படுபவர். ஏதாவது ஓர் உருக்காலையில் பராமரிப்புப் பிரிவில் இருப்பார். ஒரே மகள். அந்த மகளின் பிறந்தநாள் மே மாதத்தில்தான் வரும். டிசம்பரில் பிறந்த குழந்தைகளின் தகப்பன்மாருக்குப் பனிக்காலக் கொண்டாட்டம் நடத்தும் ஆசை ஏனோ வருவதில்லை. பெரும்பாலும் மூன்றாவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய வீட்டில், வாசலில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவைத்துக் குடியிருப்பார். வகை என்று சொல்லும்போது இவ்வளவு துல்லியம் கூடாதுதான்.

நோயின் மூலம் 2013இல் வந்த ‘ஃப்ரோசன்’ படம். 2019இல் இரண்டாம் பாகம் தமிழில் வந்து, எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல் கொடுத்த பிறகு அவள் வீட்டுப் பெண்ணாகவே ஆகிவிட்டாள். அதன் பிறகு எந்தக் குழந்தையும் சோட்டா பீம் கேக் கேட்பதாகத் தெரியவில்லை.

கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி அம்மாதக் கடைசிவரை நீளும். இதே மாவட்டத்துத் திருத்தணியில் அப்போது வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. பனி அப்பா இதை அறியாதவர் அல்லர். இதையே ஒரு சவாலாக எடுத்துக்கொள்வதுதான் அவரிடம் உள்ள கோளாறு.

ஆலையில் வருடாந்திர ஷட்டவுன் எப்படித் திட்டமிடப்படுமோ அப்படியே பிறந்தநாளும் திட்டமிடப்படுகிறது. முதலில் வாட்ஸ்அப் குழு, பிறகு எக்செல் ஷீட். ஷீட்டில் ‘பொறுப்பு’ என்ற பத்தியில் அக்கம்பக்கத்தார் பெயர்கள் இருக்கும். யாரையும் கேட்டுப் போட்டதல்ல. பி ஷிஃப்ட் முடித்து நள்ளிரவில் வந்து படுத்தவருக்குக் காலை ஏழு மணிக்கு, ‘பலூன் ஆர்ச் ஸ்டேட்டஸ் ப்ளீஸ்’ என்று செய்தி வரும். அழைப்பிதழில் உடைக் கட்டுப்பாடும் உண்டு: வெள்ளை அல்லது நீலம், முடிந்தால் ஸ்வெட்டர்.

பொருள்கள் பாரிமுனையில், காசிச் செட்டித் தெருவில் வாங்கப்படுகின்றன. அலங்காரத்துக்குத் தெர்மாக்கோல் பயன்படுத்துவதை ஒன்றிய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்திருக்கிறது. இதைப் பற்றி அவரே குழுவில் நீண்ட பதிவு போடுவார். பஞ்சு போதும் என்பார். விழாவுக்கு முந்தைய இரவு, பார்சல்களுக்குள் அடைக்கப்படும் தெர்மாக்கோல் மணிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ‘இது அலங்காரம் இல்ல, எஃபெக்ட்’ என்பது விளக்கம். 2017இல் வைகை அணையில் தெர்மாக்கோல் மிதக்கவிட்ட கதையை அந்நேரத்தில் யாரும் எடுக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். உலர்பனி வைத்துப் புகை விடலாம் என்று ஈவண்ட்காரர் சொன்னால் கறாராக மறுத்துவிடுவார். மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் அதைத் தொட்டால் கை வெந்துபோகும். அதிலிருந்து வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் மூடிய அறையில் தரையோரமாகத் தேங்கும். குழந்தைகளின் மூக்கு இருப்பதும் அந்த உயரத்தில்தான். ஆகவே மாற்று ஏற்பாடாக, பழவேற்காடு பக்கத்திலிருந்து மீனுக்குப் போடும் ஐஸ் பார் வரவழைக்கப்படும். அலுமினிய அன்னக்கூடையில் நிறுத்தி, பின்னால் நீல எல்இடி போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வாசனைதான் வஞ்சிரம். பாருக்குள் நடுவில் ஒரு செதில் உறைந்து மினுக்கும். ஆள் உயர ஓலாஃபை விட்டுவிட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தச் செதிலைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

பனி அப்பாவின் தலையாய இலக்கணம், விழா நேரம் முழுவதும் ‘குளிருதா?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார். பன்னீர் தெளிக்கும்போது கேட்பார். தட்டில் ‘ஸ்னோபால்’ என்ற பெயரில் மினி இட்லி விழும்போது கேட்பார். ‘நல்லாருக்கு சார்’ என்பது விடையாக ஏற்கப்படாது. ‘லைட்டா’ என்றால் எலக்ட்ரீஷியனை நோக்கிக் கை உயரும். பிளான்ட் மேனேஜர் ஸ்வெட்டருக்குள் வியர்வை வழிய ‘சூப்பர்ப்பா’ என்றதை, அந்த வாரம் முழுவதும் சான்றிதழாகச் சொல்லித் திரிவார். முழு மனதோடு ‘ரொம்பக் குளிருதுப்பா’ என்று சொல்லக்கூடியவர் முதல் மாடிப் பாட்டி ஒருவர்தான். அவருக்குச் சித்திரையிலும் குளிரும், அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். பீகாரிலிருந்து வந்த ஃபர்னஸ் ஆபரேட்டரின் பையனிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, அவன் நாலா பக்கமும் பார்த்துவிட்டு, ‘நெருப்பு எங்க அங்கிள்?’ என்றான். அவன் ஊரில் ஜனவரிக் குளிர் என்றால் வாசலில் தீ மூட்டிச் சுற்றி உட்காருவார்கள். குளிரைப் பற்றி அந்த ஹாலில் கேட்ட ஒரே விவரமான பேச்சு அது. பனி அப்பா அடுத்த விருந்தினரிடம் நகர்ந்துவிட்டார்.

வாய்ச்சொல்லில் நம்பிக்கை போய்விட்டால் கருவி வெளியே வரும். ஆலையில் பேரிங் சூடு பார்க்கும் துப்பாக்கி அது. சுவர், கேக், பாட்டியின் நெற்றி என்று வரிசையாகச் சுடுவார். எங்கும் 30க்குக் குறையாது. கடைசியில் ஏசி வாய்க்கு நேர்கீழே போய் நின்று, ‘இருபத்தி நாலு!’ என்று அறிவிப்பார்.

இதன் கணக்கு எளிது. ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். ஹாலில் ஒன்றரை டன் ஏசி இரண்டு என்றால் பத்தரை கிலோவாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பத்தை விடுகிறார். நூறு பேர் வந்தால் பத்து கிலோவாட் அங்கேயே தீர்ந்தது. மிச்சமுள்ள அரைக் கிலோவாட்டில்தான் பனிக்காலம் நடக்க வேண்டும், அதுவும் மின்சாரம் இருக்கும்வரை. பராமரிப்புப் பிரிவில் சம்பளம் வாங்குபவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. தெரிந்தும் நூறு பேரைக் கூப்பிடுகிறார்.

நாள் முழுவதும் 1,600 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் உருக்குக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வருபவர் அவர். உண்மையான பனியை நேரில் பார்த்ததில்லை. ஊட்டிக்கு ஒருமுறை போனதும் உறைபனி விழாத மாதத்தில். மகளோ எல்சா கவுனின் ஜிகினா கழுத்தில் குத்துகிறதென்று கேக் வெட்டிய கையோடு அதைக் கழற்றிவிட்டுப் பழைய காட்டன் கவுனுக்கு மாறி, ஐஸ் பாரில் இரண்டு கைகளையும் கன்னத்தையும் ஒட்டவைத்துக்கொண்டு சிரிக்கும். பனி அப்பா சற்றுத் தள்ளி நின்று அதைப் பார்ப்பார். அந்த ஒரு நிமிடம் அவர் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

அதற்காகத் தெர்மாக்கோல் மணிகளை மன்னித்துவிட முடியாது. டேபிள் ஃபேன் முன்னால் கொட்டிப் பறக்கவிட்ட மணிகள் ஹாலோடு நிற்பதில்லை. பெருக்கினால் துடைப்பத்திலேயே ஒட்டிக்கொள்ளும். படிக்கட்டு, துளசி மாடம், மழைநீர் வடிகால் என்று பரவி, காற்று அடிக்கிற பக்கமாக மொட்டைமாடிக்கு ஏறும். மே மாதத்தில் மொட்டைமாடியில் என்ன காயும் என்பது இந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியும். ஜவ்வரிசி வடாம் ஈரமாக இருக்கையில் அதன் மேல் விழுந்த தெர்மாக்கோல் மணியை எந்தக் கண்ணாலும் பிரித்தறிய முடியாது. அளவு அதே, நிறம் அதே. எண்ணெயில் போட்டால்தான் தெரியும். ஜவ்வரிசி பொரியும், மற்றது சுருங்கி நாறும். ஒரு வருஷத்துக்கென்று இட்ட வடாம் அத்தனையும் குப்பைக்குப் போனது. இதைக் குழுவில் எழுதிக் கேட்டதற்கு, பனி அப்பாவிடமிருந்து ஒரு பனிமனிதன் ஸ்டிக்கர் பதிலாக வந்தது.