ஒற்றைப் பிள்ளையை வெயில் படாமல் வளர்ப்பது எப்படி?

கட்டுச்சோறு ஆக்கிப்போட்டு, பிரசவம் பார்த்து, அம்மாவைப் பெற்ற அமுச்சி வீட்டிலிருந்து பிள்ளையும் வந்தாயிற்று. இனி வீட்டுக்கு வருகிற ஒறம்பரை ஒவ்வொருவரும் தொட்டிலை எட்டிப் பார்த்த கையோடு, "அடுத்தது எப்பங்கண்ணு?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைச் சமாளிப்பதுதான் முதல் பாடம். "ஒண்ணைய நல்லா வளத்துனாப் போதுமுங்க" என்று சொல்லுங்கள். 'நல்லா'வில் அழுத்தம் விழ வேண்டும். கேட்டவருக்கு மூன்று பிள்ளைகள் இருந்தால் அத்தோடு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மனசு உறுத்தினால் வரலாற்றைத் துணைக்கு அழைக்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கு 1950களிலேயே கையில் பணம் கொடுத்த மாநிலம் இது. சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று எழுதினார்கள். பிறகு அது 'நமக்கு ஒருவர்' ஆனது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை, நாடு முழுவதற்கும் 2.0. இந்த விஷயத்தில் கொங்கு மாவட்டங்கள் எப்போதும் மாநிலத்துக்கு ஒரு எட்டு முன்னாலேயே நடந்திருக்கின்றன. சீனா சட்டம் போட்டு, அபராதம் போட்டு, அதிகாரிகளை வீடு வீடாக அனுப்பித்தான் ஒற்றைப் பிள்ளைக் கொள்கையை 2015 வரை ஓட்டியது. நமக்கு ஒரு அதிகாரியும் தேவைப்படவில்லை. ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வருகிற நாலு ஏக்கரை இரண்டு பங்காளிக்குப் பிரித்தால் மிஞ்சுவது வரப்பும் கோர்ட்டு வழக்கும்தான் என்று அப்பாருமார்களே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

2024 அக்டோபரில் சென்னையில் நடந்த ஒரு இலவசத் திருமண விழாவில் முதலமைச்சர் ஸ்டாலின், மக்கள்தொகை குறைந்ததால் நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும் என்றால் பதினாறு பிள்ளை பெற்றால்தான் என்ன என்று பாதி கேலியாகக் கேட்டார். நீங்கள் பதறவேண்டாம். பதினாறு பேருக்கு எல்கேஜி சீட் வாங்கித் தருவதாக எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் சொல்லவில்லை.

இந்தக் கணக்குக்கு ஒரு இருட்டுப் பக்கம் உண்டு. 'ஒன்று போதும்' என்ற முடிவோடு, அந்த ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்ற முடிவும் சேர்ந்தே வந்தது. தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு 1992இல் சேலம் மாவட்டத்தில் தொடங்க வேண்டியிருந்தது. காரணம் பெண் சிசுக்கொலை என்பது ஊருக்கே தெரியும். அன்று பிறக்கவிடாத பெண்களைத் தேடித்தான் இன்று மாப்பிள்ளை வீட்டார் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போகிறார்கள். இதைக் கேலியாக எழுத எனக்கு வராது. அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

பிள்ளை நடக்கத் தொடங்கியதும் வீட்டுக்கு வெளியே என்னவெல்லாம் ஆபத்து என்று ஒரு பட்டியல் எடுங்கள். வெயில், தூசி, நாய், டவுன் பஸ், கொசு. கோவையில் தடாகம், தொண்டாமுத்தூர் பக்கம் இருந்தால் யானையையும் சேர்த்துக்கொள்ளலாம். அது ஒன்றுதான் பட்டியலில் உண்மையான ஆபத்து. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்தைக் கடைசியில் சிவப்பு மையில் எழுதவும்: மற்ற பிள்ளைகள். மற்ற பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள், பம்பரத்தைப் பிடுங்குவார்கள், 'நீ ஆட்டத்துக்கு வேண்டாம் போடா' என்பார்கள், கெட்ட வார்த்தை கற்றுத் தருவார்கள். அரை மணி நேரம் கழித்து 'வாடா' என்று கூப்பிட்டும் விடுவார்கள். இந்தக் கடைசிக் காரியத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தரும் மையம் சரவணம்பட்டியில் இன்னும் திறக்கவில்லை. திறந்தால் முதல் பேட்ச் நிரம்பிவிடும்.

நீச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகிய தலைமுறைக்கு வாத்தியார் யார்? பெரியப்பா மகன். காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டி, பாதிப் படிக்கட்டு வரை நைச்சியமாகப் பேசிக் கூட்டிப்போய், பேச்சு முடிவதற்குள் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவான். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் சிவந்து, கல்லைப் பிடித்து மேலே வந்தால் மேட்டில் அத்தை மகள் உட்பட ஏழெட்டுப் பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ரோஷத்திலேயே நாலாம் நாள் புருடை கழன்றுவிடும். கிணற்றோடு போய்ச் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு. அதை மறைத்துவிட்டு அந்தக் காலம் மாதிரி வருமா என்று புகழ் பாடினால் பொய். ஆனால் பெரியப்பாவுக்கே ஒரு பிள்ளை, அதுவும் ஆஸ்திரேலியாவில் என்கிற வீட்டில் தள்ளிவிட ஆள் வேண்டுமே? ஆகவே நீச்சல்குளத்தில் சேர்த்துவிடுங்கள். தொப்பி, கண்ணாடி, மிதவை, பயிற்சியாளர் எல்லாம் பாதுகாப்பு. உங்கள் மகன் தனி லேனில் நீந்துவான். நீங்கள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்க்கலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மற்ற நாட்களுக்கும் அட்டவணை போடுங்கள். திங்கள் அபாகஸ், செவ்வாய் இந்தி, புதன் சிலம்பம், வியாழன் ஸ்கேட்டிங், வெள்ளி கீபோர்டு. அட்டவணையில் 'சும்மா' என்று ஒரு கட்டம் தப்பித்தவறி விழுந்துவிட்டால் உடனே செஸ்ஸில் சேர்க்கவும். அபார்ட்மென்ட் விளம்பரத்தில் அச்சடித்திருந்த அந்த 'சிறுவர் விளையாடுமிடம்' வீடு வாங்கும்போது மதிப்பைக் கூட்டுவதற்காக மட்டுமே. அதில் யாரும் விளையாடிப் பெயின்ட்டைக் கெடுத்துவிடக்கூடாது என்பதில் அசோசியேஷன் கவனமாக இருக்கிறது. பக்கத்து பிளாட் பையனோடு விளையாட வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தால், அவனுடைய அம்மாவுக்கு வாட்ஸ்அப் அனுப்பி, அவனுடைய அட்டவணையையும் வாங்கி ஒத்துப்பாருங்கள். இரண்டும் சேரும் நாள் பெரும்பாலும் தீபாவளிக்கு மறுநாள் வரும்.

கணபதி, சிட்கோ பக்கம் லைன் வீடுகளைத் தாண்டி காரில் போகும்போது மட்டும் கண்ணாடியை ஏற்றிவிடவும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பட்டறைக்கும் மில்லுக்கும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே சாயங்காலமானால் தெருவை அடைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து, உள்ளூர்த் தமிழிலேயே 'அவுட்டா இல்லையா' என்று சண்டை பிடிக்கிறார்கள். அவர்கள் வீட்டு வருமானத்துக்கு இந்தக் கையேடு கட்டுப்படியாகாததால் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

பத்தாவதை நெருங்கும்போது நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே அவற்றை 'பிராய்லர் பள்ளி' என்றுதான் சொல்கிறது. விளக்கு, தீனி, எடை என்று எல்லாம் நேரப்படி. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இல் நிறுத்திய பிறகு ஃபிளெக்ஸ் போர்டு அடிப்பவர்கள் கொஞ்சம் சோர்ந்தார்கள். நீட் வந்து அவர்களைக் காப்பாற்றியது. ஹாஸ்டலின் ஒரு நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒற்றைப் பிள்ளைக்கு ஒரே அறையில் பத்துப் பேர் முதல்முறையாகக் கிடைப்பது அங்கேதான். அவர்களோடு பேசத்தான் தடை.

ஞாயிற்றுக்கிழமைக்குக் குடும்ப வெளியுலா அவசியம். 'வெளி' என்பது மால். ஏசி உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு. மால்களுக்குள் இருக்கும் விளையாட்டுக் கூடங்களில் மணல் வைத்திருக்கிறார்கள். அதில் பிள்ளை உட்கார மணிக்கணக்கில் கட்டணம், சாக்ஸுக்குத் தனி. பிள்ளை மணலில் வீடு கட்டும்போது ஊழியர் ஒருவர் கூடவே நின்று 'சூப்பர்' என்பார். இயற்கைதான் வேண்டும் என்பவர்கள் காந்திபுரம் செம்மொழிப் பூங்காவுக்குப் போகலாம். 2010 செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் அறிவித்து 2025இல் திறந்தது அது. மாநாட்டின்போது பிறந்த பிள்ளைகள் அதற்குள் பத்தாவது பொதுத்தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்துவிட்டதால் நெரிசல் அவ்வளவாக இருக்காது என்று நினைத்தேன். தாத்தா பாட்டிகள் வந்து நிரப்பிவிட்டார்கள். உக்கடம் பெரியகுளக் கரையும் நல்ல இடம்தான். போட்டோ எடுத்த உடனே திரும்பிவிட வேண்டும்.

குளக்கரையில் ஞாயிறு காலை தயவுசெய்து கவனமாக இருக்கவும். கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு என்று ஒரு கூட்டம் ஏதாவது ஒரு குளத்தில் சீமைக்கருவேலமும் பிளாஸ்டிக்கும் அள்ளிக்கொண்டிருக்கும். வேடிக்கை பார்க்க நின்றால் கையில் கையுறையைக் கொடுத்துவிடுவார்கள். வங்கி மேனேஜர், கல்லூரிப் பையன், ஓய்வு பெற்ற மில் தொழிலாளி என்று கலந்துகட்டி நிற்கும் அந்த வரிசையில் உங்கள் பிள்ளையும் நின்று அன்னக்கூடையைக் கைமாற்றத் தொடங்கிவிட்டால், இத்தனை வருட உழைப்பு என்ன ஆவது? பரளிக்காட்டுப் பரிசல் பயணம்கூட இந்த வகையில் சந்தேகத்துக்குரியதுதான். பில்லூர் அணைத் தண்ணீரில் முன்பின் தெரியாத குடும்பங்களோடு ஒரே பரிசலில் உட்கார வைப்பார்கள். கரையேறியதும் பழங்குடிப் பெண்கள் சமைத்ததை வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட வேண்டும். சிக்னலும் கிடைக்காது.

கண் டாக்டர் ஒருநாள் பவர் ஏறியிருக்கிறது என்பார். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே விடுகிறார்கள், வெளிச்சத்தில் இருந்தால் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று விளக்குவார். உலக சுகாதார நிறுவனம்கூட ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தினமும் சராசரி 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது. மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடிக் கடைக்குப் போய் நல்ல பிரேமாகப் பாருங்கள். இரண்டு மணி நேர வெளிச்சத்தைவிட அது சுலபம். கோயமுத்தூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, கூட விளையாட ஆள்தான் இல்லை.

ஆள் இல்லாத இந்தச் சிக்கல் சீர் செய்யும் நாட்களில்தான் கணக்காக வந்து நிற்கும். காதுகுத்துக்கு மடி கொடுக்கத் தாய்மாமன் வேண்டும். அம்மாவும் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவள் என்றால் மாமனுக்கு எங்கே போவது? பெரிய பாட்டி வழியில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைத் திருப்பூரில் கண்டுபிடிப்பீர்கள். அவர் அந்த முகூர்த்தத்துக்கு ஏற்கெனவே இரண்டு மடி ஒப்புக்கொண்டிருப்பார். கல்யாணத்தில் இன்னும் சங்கடம். இணைச்சீர் செய்ய மாப்பிள்ளைக்கு அக்காளோ தங்கையோ இருந்தாக வேண்டும். சடங்கை நடத்தும் அருமைக்காரர் மணவறையில் நின்று, "கூடப் பொறந்தவங்க வாங்க" என்று கூப்பிடுவார். சித்தப்பா மகளைக் கூப்பிடலாம், சித்தப்பா என்று ஒருவர் இருந்தால். அண்ணன், தங்கை போனதோடு இது நிற்பதில்லை. இரண்டு தலைமுறை ஒற்றையாகப் போனால் மாமன், அத்தை, சித்தப்பா, பெரியம்மா, மச்சான், கொழுந்தி என்று உறவு வரிசையே காலியாகிவிடுகிறது. எல்லோரும் 'அங்கிள்', 'ஆன்ட்டி'. மண்டபக்காரர்கள் நாதஸ்வரம், சமையல், போட்டோவோடு இணைச்சீர்க்காரி ஒருத்தியையும் பேக்கேஜில் சேர்த்தால் நல்ல வியாபாரம் நடக்கும். ஐடியாவுக்குக் காசு வேண்டாம்.

கடைசியாக முதலுதவி. இத்தனைக்குப் பிறகும் பிள்ளை கூட்டத்தில் சேர்ந்துவிடும் அபாயம் ஒன்று மிச்சம் இருக்கிறது: வள்ளி கும்மி. லீவுக்கு ஊருக்கு அனுப்பினால் சாயங்காலம் கோயில் மைதானத்தில் ஆறு வயசுக் குழந்தையும் அறுபது வயசு ஆத்தாவும் ஒரே வட்டத்தில் நின்று பழகிக்கொண்டிருப்பார்கள். ஆண்களே ஆடிவந்த இந்த ஆட்டத்தில் பெண்களையும் இறக்கிப் பழக்கிய மேட்டுப்பாளையத்துப் பத்திரப்பனுக்கு 2024இல் 87ஆம் வயதில் பத்மஸ்ரீ கொடுத்து, அரசாங்கமே இந்த ஆபத்தை ஊக்குவித்திருக்கிறது. சில மேடைகளில் கும்மியோடு சேர்த்துச் சாதிப் பெருமையையும் தட்டுகிறார்கள். அந்தப் பக்கம் பிள்ளையை விடாதீர்கள், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

மற்றபடி அறிகுறிகள் இவை: போனைத் தேடாது. நீங்கள் கேள்விப்படாத பிள்ளைகளின் பேர்களைச் சொல்லும். முட்டியில் சிராய்ப்பு இருக்கும், எப்படி வந்தது என்று நினைவிருக்காது. அடி பிசகினால் பக்கத்தில் ஆடும் யாரோ ஒரு ஆத்தா, "ஏங்கண்ணு, காலை மாத்திப் போடறீங்களே, என்னையப் பாத்து வெய்ங்க" என்று எல்லோர் முன்னாலும் திருத்துவார். பிள்ளை கோபித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவராமல் திருத்திக்கொள்ளும். இந்த நிலையில் கூட்டிவர அம்மாவை அனுப்பக்கூடாது. போன இடத்தில் அவரும் வட்டத்தில் சேர்ந்துவிட்டதாகப் பல வீடுகளிலிருந்து புகார் வருகிறது. அரங்கேற்றம் இரவில் தொடங்கினால் மூன்று, நான்கு மணி நேரம் போகும். மறுநாள் காலை ஆன்லைன் வகுப்பு ஏதாவது இருந்தால் முன்கூட்டியே லீவு சொல்லிவிடவும்.