750ஆம் எண்ணும் முறுக்கு டப்பாவும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் என்ற இயங்குதளம், உலகத்தாரைக் காலப்போக்கில் மூன்றாக வகுத்தது: உடையவர், குழுவினர், மற்றவர். பார்க்க 4, மாற்ற 2, நுழைய 1; வகைக்கு ஓர் இலக்கம், அவரவர் உரிமைகளைக் கூட்டினால் வருவது. கோப்புறைக்கு 750 என்று எண்ணிட்டால் உடையவருக்கு எல்லாம் உண்டு; குழுவினர் உள்ளே போய்ப் பார்க்கலாம், எதையும் வைக்கவோ எடுக்கவோ முடியாது; மற்றவருக்குச் சுழியம்.

பாட்டியின் முறுக்கு டப்பாவும் இதே எண்ணில்தான் இயங்கிற்று. வைப்பதும் எடுப்பதும் பாட்டி. பேரப்பிள்ளைகள் மூடியைத் திறந்து எண்ணிப் பார்க்கலாம். அடுத்த வீட்டாருக்கு அப்படியொரு டப்பா இருப்பதே தெரியாது.

1962இல் எம்.ஐ.டி.யில் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கணினி கிடைத்தது. போதவில்லை. எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தரும்படி அந்தக் கணினியையே கேட்டார். அதுவும் அச்சிட்டுக் கொடுத்தது. இந்நெறியில் வந்தவன் என் தம்பி. “பாட்டி, முறுக்கு நமுத்துப்போன மாதிரி இருக்கே?” என்பான். பாட்டி பதறி, “நீயே ஒண்ணு கடிச்சுப் பாருடா” என்பாள். சந்தேகம் தீர அவனுக்கு நான்கு முறுக்காவது வேண்டும்.

தேவைக்கு மேல் ஒருவருக்கும் உரிமை தராதே என்ற கொள்கையை 1975இல் கணினி ஆய்வாளர்கள் சால்ட்ஸரும் ஷ்ரோடரும் தங்கள் கட்டுரையில் எழுதிவைத்தார்கள். எங்கள் வீட்டில் அது சுவராகவே நின்றது: தரகர் திண்ணையோடு, கணக்குப்பிள்ளை நடையோடு, சம்பந்தி கூடத்தோடு. அடுக்களைச் சாவி பாட்டியின் இடுப்பில். பட்டா என்னவோ தாத்தா பெயரில்தான். ஆனால் காப்பிப் பொடி எங்கே என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. உடையவர் வேறு, சாவி வைத்திருப்பவர் வேறு என்ற நுட்பத்தை யூனிக்ஸும் அறியும். சாவிக்காரருக்கு அங்கே ரூட் என்று பெயர். (பூனையை எந்த வகையிலும் சேர்க்க இயலவில்லை. அது ஓட்டைப் பிரித்து வந்தது.)

இக்கால அடுக்ககத்து வாசல் நோட்டு தனி வகை. அதன் எண் வெறும் 2. யாரும் எழுதலாம், ஒருவரும் படிப்பதில்லை. ஆய்வு நிமித்தம் ஓர் அடுக்ககத்தில் எழுதினேன்: பெயர் அலெக்சாண்டர், ஊர் மாசிடோனியா, வந்த நோக்கம் படையெடுப்பு.

காவலர் நோட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

“போன் நம்பர் விட்டுட்டீங்களே சார்.”