பிரளயமும் பக்கெட்டும்

'தி 100' தொடரில் அணுகுண்டுப் போர் முடிந்து 97 ஆண்டுகள். விண்வெளி நிலையத்தில் பிராணவாயுவுக்குத் தட்டுப்பாடு. பூமி வாழ லாயக்கா என்று பார்த்துவர, சிறையிலிருந்த நூறு பிள்ளைகளைக் கீழே அனுப்புகிறார்கள். மும்பை ஆண்டாப் ஹில்லில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இதைப் பார்த்தோம். என் பெண்ணின் கவலை, யார் யாரைக் காதலிப்பார்கள் என்பது. அம்மாவின் கேள்வி வேறு: "ஏண்டி, காட்டுல கிடக்குற புள்ளைங்களுக்குத் தலைமுடி எப்படி இவ்வளவு பளபளன்னு இருக்கு? அங்க தண்ணி எத்தனை மணிக்கு வருது?"

கேட்க அவளுக்குத் தகுதி உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய ஊரில் இருந்தவள். மறுநாள் அவள் தேடியது காதலை அல்ல, பாலை.

தொடர் 2014 முதல் 2020 வரை ஓடியது. சரியாக 100 எபிசோடு. நாங்கள் பார்த்தவரை ஒருவர்கூடப் பக்கெட்டோடு வரிசையில் நிற்கவில்லை.